மழை பெய்யாத நாளிலும் சொட்டிய வீடு: ஜார்ஜ்டவுன் கடைவீடு ஒன்றின் கூரை, பரண் ஆய்வு

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவுக்குச் சற்றுத் தள்ளி, போருக்கு முன் எழும்பிய கடைவீட்டு வரிசையில் இருக்கும் மாடி வீடு அது. கீழே ஒரு காலத்தில் மளிகைக் கடை நடந்தது. இப்போது அங்கே சாமான்கள்தான் கிடக்கின்றன. குடும்பம் மாடியில் குடியிருக்கிறது. மாடியில் மூன்று இடங்களில் ஈரம். முன்னறையில் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரை ஒட்டி, மேலிருந்து இறங்கும் பழுப்புக் கறை. நடு அறையின் உட்கூரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுத்த பூஞ்சணம். பின்கட்டுச் சமையலறையில் விடியற்காலைச் சொட்டு. வீட்டார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கூரையை முழுவதுமாக மாற்ற வேண்டுமா?

எனக்கு முன்பே கூரை வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்திருந்தார். ஓடு பழையது, ஆயுள் முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓடு மாதிரியே தெரியும் உலோகத் தகடு போட்டுவிடலாம் என்று ஐந்து இலக்கத் தொகைக்கு மதிப்பீடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் பரணுக்குள் ஏறவில்லை. கீழே நின்று கறைகளைப் பார்த்ததோடு முடித்துக்கொண்டார்.

இந்த வீட்டைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. மூன்று ஈரத்துக்கும் மூன்று வேறு காரணங்கள் இருந்தன. ஓட்டுக் கூரைப் பக்கமாக மழை இறங்கியது ஓர் இடத்தில் மட்டும்தான். அங்கேயும் ஓடு குற்றவாளி இல்லை. சொன்னபடி கூரையை மாற்றியிருந்தால் ஒரு கசிவு கொஞ்ச காலம் அடங்கியிருக்கும், இன்னொன்று அப்படியே தொடர்ந்திருக்கும், மூன்றாவது வீடு முழுக்கப் பரவியிருக்கும். பழைய வீட்டில் ஈரத்தைக் கண்டால் நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்து "எங்கே ஒழுகுகிறது?" என்று தேடுகிறோம். "எப்போது ஈரமாகிறது?" என்று கேட்பதுதான் முதல் வேலை. அதைக் கேட்காமல் ஏணி போடுவது வீண் செலவில்தான் முடியும்.

வீட்டின் அமைப்பு

இந்த வகைக் கடைவீட்டின் கூரையைத் தாங்க முக்கோண மரச்சட்டகம் கிடையாது. இரு பக்கப் பொதுச்சுவர்கள்தான் அதைத் தாங்குகின்றன. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கனமான உத்திரங்கள் குறுக்கே போகின்றன. அவற்றின் இரு நுனிகளும் செங்கல்லுக்குள் புதைந்திருக்கின்றன. உத்திரங்களின்மேல் சரிவு வாக்கில் தட்டையான பட்டைச் சட்டங்கள், அவற்றின்மேல் மெருகிடாத மெல்லிய களிமண் ஓடுகள். நடுவில் 'வி' வடிவத்தில் மடிந்த சிறிய ஓடு. ஆணி கிடையாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் எடைதான் பிடிப்பு. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் தாவாமல் இருக்க, பொதுச்சுவர் கூரையைத் தாண்டி மேலே எழும்பி நிற்கும்.

மெருகிடாத களிமண் மழைநீரைக் குடிக்கும். நல்ல மழைக்குப் பிறகு ஓட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சில்லென்று ஈரமாகத்தான் இருக்கும். வெயில் ஏறியதும் அது காய்ந்துவிடும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது. கட்டியவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் கட்டினார்கள். அந்தக் காலத்தில் மாடியில் உட்கூரையே இல்லை. பாயில் படுத்தால் ஓடு தெரியும். வீட்டின் நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று அதன் வழியாக மேலே போய்விடும். ஈரம் வரும், காற்று வந்து எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கூரை நெடுங்காலம் நின்றது இந்த ஏற்பாட்டால்தான்.

பிறகு மாற்றங்கள் வந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வரும்வரை இந்த வரிசையில் பல வீடுகள் மிகக் குறைந்த வாடகைக்கு விடப்பட்டிருந்தன. சொந்தக்காரருக்குக் கூரைக்குச் செலவழிக்க மனமில்லை. குடியிருந்தவருக்கு அது தன் கூரை இல்லை. ஒட்டுமேல் ஒட்டாக வேலை நடந்தது. இந்த வீட்டில் 1990களில் முன்னறைக்கும் நடு அறைக்கும் சிமெண்ட் இழைப் பலகையில் உட்கூரை போட்டார்கள். பரண் என்று ஒன்று உண்டானது அப்போதுதான். வீட்டைச் சொந்தமாக வாங்கிய பிறகு இந்தக் குடும்பம் முற்றத்தின்மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியது. பின்கட்டில் உடைந்த ஓடுகள் போய் நெளி தகரம் வந்தது. நடு அறைக்குக் குளிரூட்டி வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் அந்த நேரத்தில் நியாயமான தேவை இருந்தது. ஆனால் எல்லாம் சேர்ந்து, ஈரம் வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டன.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல் மழையைத் தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முன்னறைக் கறை அதற்குப் பிறகுதான் வந்தது என்பதில் வீட்டார் உறுதியாக இருந்தார்கள். அப்போது சில ஓடுகள் நழுவின. சரிசெய்ய வந்தவர் ஓடுகளை அடுக்கிவிட்டு, ஓடும் பொதுச்சுவரும் சேரும் விளிம்பு நெடுகிலும் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். இந்தச் சிமெண்ட் பின்னால் வரும்.

நாட்காட்டியில் விழுந்த குறிகள்

ஏணி எடுக்கும் முன் வீட்டாரிடம் பேசினேன். "மழை பெய்தால் ஒழுகும் தம்பி, வேறென்ன?" என்றார் வீட்டுக்கார அம்மா. சமையலறை வாசலில் நின்ற மருமகள் தயங்கித்தான் சொன்னார்: "இல்லை அத்தை, பிப்ரவரியில் மழையே இல்லை. அப்போதும் அடுப்புக்கு மேலே சொட்டியதே."

பினாங்கில் ஆண்டின் தொடக்க மாதங்கள்தான் வறண்டவை. பிப்ரவரியில் சொட்டும் கூரை மழையால் சொட்டவில்லை. அந்த ஒரு வார்த்தை ஆய்வின் திசையைத் தீர்மானித்தது. சமையலறையில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியில், ராகுகாலத்துக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் குறி போடச் சொன்னேன். மழை பெய்தால் ஒரு கோடு, விடியலுக்கு முன் காற்றோடு பெய்தால் இரண்டு கோடு. ஈரம் கண்ட இடத்துக்கு மு, ந, பி என்று ஓர் எழுத்து. குளிரூட்டி ஓடினால் ஒரு புள்ளி. மருமகள் அதை ஒரு நாளும் தவறவிடவில்லை. இந்த ஆய்வின் பாதி அவருடைய உழைப்பு என்று மனதாரச் சொல்கிறேன்.

ஏப்ரல் மழை வந்து போன பிறகு குறிகள் தெளிவாகப் பேசின. முன்னறைக் கறை மழையின் அளவைப் பொறுத்து வரவில்லை. மாலையில் நேராகக் கொட்டும் பெருமழையில் அது பெரும்பாலும் பேசாமல் இருந்தது. இரண்டு கோடு விழுந்த நாட்களில் மட்டும் நனைந்தது. சுமத்ராப் பக்கத்தில் உருவாகி, நீரிணையைக் கடந்து, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பலத்த காற்றோடு நம் கரையில் அடிக்கும் மழை அது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதை எதிர்பார்க்கலாம். அந்த மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் அடிப்பது அதிகம். அப்படியானால் தேட வேண்டிய இடம் ஓட்டுப் பரப்பு அல்ல. எழும்பி நிற்கும் சுவர்.

பின்கட்டுச் சொட்டுக்கு மழையோடு சம்பந்தமே இல்லை. மேகமில்லாத இரவுகளுக்கு அடுத்த காலைகளில் அது வந்தது. நடு அறைக் கறை புள்ளிகளோடு ஒட்டி வந்தது. அது மகனின் அறை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி பார்த்துவிட்டு, பகலில் குளிரூட்டியை 18 செல்சியஸில் வைத்துத் தூங்குபவர். அவர் பகல் பணிக்கு மாறிய வாரங்களில் பூஞ்சணத்தின் விளிம்பு பரவாமல் நின்றது.

பரணில் பார்த்தவை

பரணில் ஏறுவதைப் பற்றிச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் தாங்களே ஏறிவிடுகிறார்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஏறுங்கள். நண்பகலில் ஓட்டுக்குக் கீழே நிற்பது உடம்புக்கு ஆபத்து. மின்சாரத்தை மெயின் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். துணி சுற்றிய பழைய கம்பிகளின் உறை கை பட்டாலே உதிரும், பக்கத்தில் ஈரம் வேறு. உட்கூரைப் பலகையில் கால் வைக்கக் கூடாது, சட்டத்தில் மட்டும்தான். எலி நடமாடிய இடம் ஈரமாக இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எலிச் சிறுநீர்வழி வரும் காய்ச்சல் உயிரையே வாங்கக்கூடியது. பழைய தட்டைப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் துளை போடுவதும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் கூடவே கூடாது. இந்த வீட்டின் பின்கட்டில் அத்தகைய பழைய பலகைத் துண்டுகள் இருந்தன. பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு துண்டு போய் முடிவு வரும்வரை அந்தப் பக்கத்தை அசைக்கவில்லை.

மேலே ஏறியதும் டார்ச் வெளிச்சத்தை ஓட்டில் அடிக்காமல், உட்கூரைப் பலகையின் மேல் படிந்திருந்த தூசியில் படுக்கை வாக்கில் அடித்தேன். பல ஆண்டுத் தூசி, யாரும் தொடாதது. தண்ணீர் எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

முன்னறைக்கு மேலே, பொதுச்சுவரிலிருந்து ஒரு முழத் தூரத்துக்குள், தூசியில் சிறு சிறு குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் தூசி வளையமாக ஒதுங்கியிருந்தது. சொட்டு விழுந்த தடம். குழிகள் ஒரே நேர்கோட்டில், ஓர் உத்திரத்துக்குக் கீழே இருந்தன. அதாவது, தண்ணீர் சுவரோரம் நுழைந்து, உத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஓடி, வழியில் சொட்டியிருக்கிறது. கீழே கறை தெரிந்த இடத்துக்கும் தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் நல்ல இடைவெளி.

நடு அறைக்கு மேலே காட்சி வேறு. ஒரு குழிகூட இல்லை. தூசி முழுவதும் ஈரம் குடித்துக் காய்ந்து, ஒரே ஏடாகப் பலகையோடு ஒட்டியிருந்தது. விரல் நகத்தால் நெம்பினால் ஓரம் பெயர்ந்து வந்தது. பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணித் தலைகள் அந்த வட்டத்துக்குள் மட்டும் ஒன்றுவிடாமல் துருப்பிடித்திருந்தன. வட்டத்தைத் தாண்டிய ஆணிகள் சுத்தமாக இருந்தன. நேர் மேலே இருந்த ஓடுகளில் கறையோ விரிசலோ இல்லை. மேலிருந்து எதுவும் விழவில்லை. பலகையின்மேல் தண்ணீர் அங்கேயே உண்டாகியிருக்கிறது.

கீழே இறங்கி அறையைப் பார்த்ததும் மீதி விளங்கியது. குளிரூட்டியின் காற்றுவாய் மேல்நோக்கித் திருப்பியிருந்தது. காற்று முகத்தில் அடிப்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குளிர்காற்று நேராக உட்கூரையில் மோதியது, பூஞ்சணம் இருந்த அதே இடத்தில். மகன் தூங்கும் ஒரு முற்பகலில் அளந்தபோது பரண் காற்று 34 செல்சியஸ், ஈரப்பதம் 60 விழுக்காடு. அப்படிப்பட்ட காற்று, ஏறத்தாழ 25 செல்சியஸுக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீராக மாறும். பலகையின் மேற்பரப்பு, குளிர்காற்று மோதும் இடத்தில் 22. ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். முதல் நாள் மழை பெய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஓடு குடித்த நீரை வெயில் ஆவியாக்கும், அதில் ஒரு பகுதி பரணுக்குள் இறங்கும், போக வழியில்லாமல் குளிர்ந்த பலகையில் படியும்.

பின்கட்டுத் தகரமும் இதே கணக்குத்தான், சூடும் குளிரும் மட்டும் இடம் மாறியிருந்தன. மேகமில்லாத இரவில் மெல்லிய தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். நம் ஊர் இரவுக் காற்றோ எப்போதும் நீராகும் நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு இரவுச் சமையலின் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி. முற்றம் மூடியிருப்பதால் எல்லாம் தகரத்துக்கு அடியில்தான் சேரும். விடியலில் சொட்டும். வீடு முழுக்க உலோகத் தகடு போட்டிருந்தால், அடியில் வெப்பக்காப்பு இல்லாத இடமெல்லாம் இந்தச் சொட்டு வந்திருக்கும்.

மரத்தின் நிலையை அறியக் கூர்முனை ஈரமானியைப் பயன்படுத்தினேன். உத்திரங்களின் நடுப்பகுதி 16, 17 விழுக்காடு காட்டியது. நம் தட்பவெப்பத்தில் நிழலில் காய்ந்த மரம் அப்படித்தான் இருக்கும். 20 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் கவலைப்பட வேண்டும். முன்னறைப் பக்கம் சுவருக்குள் நுழையும் ஓர் உத்திர நுனி 29 காட்டியது. குத்தூசி வைத்து அழுத்தியபோது கட்டைவிரல் அகலத்துக்குத் தடையில்லாமல் இறங்கியது. சுத்தியல் பிடியால் தட்டினால் மற்ற உத்திரங்கள் கணீரென்றன, அது மட்டும் மந்தமாக ஒலித்தது. கரையான் மண்தடம் நல்லவேளையாக இல்லை. இந்த ஈரமானியைச் சுவர்ப்பூச்சில் குத்திவிட்டு எண்ணைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பழைய சுவரில் உப்பு இருக்கும். உப்பு இருந்தால் காய்ந்த சுவரும் நனைந்ததாகக் காட்டும். அந்த எண்ணைக் காட்டி ரசாயனப் பூச்சு விற்பது இங்கே சகஜமாக நடக்கிறது. எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

அரசஞ்செடி

சுவரின் மேற்பகுதியை எதிர்வீட்டு மாடிச் சன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். இந்த மெல்லிய ஓடுகளின்மேல் ஆள் நடக்கக் கூடாது. ஒரு கசிவைத் தேடப் போய்ப் பல கசிவுகளை உண்டாக்கியதுதான் மிச்சமாகும். ஓடும் சுவரும் சேரும் இடத்தில் 2017இல் பூசிய சிமெண்ட், சுவரை விட்டு மயிரிழை அளவுக்குப் பிரிந்திருந்தது. ஓட்டுக் கூரை வெயிலுக்கு விரியும், மழைக்குச் சுருங்கும். கெட்டியான சிமெண்ட் அதோடு அசையாது, விரிசல்தான் விடும். உள்ளே போன நீர் திரும்பி வெளியே காயவும் அது விடாது. அந்த விரிசலிலிருந்துதான் இலை தளதளவென்று ஓர் அரசஞ்செடி எழுந்து நின்றது.

ஜார்ஜ்டவுனில் இது புதிதல்ல. பறவை எச்சத்தில் விழும் அத்தி இன விதைகள் பழைய சுவர்களில் எங்கும் முளைக்கின்றன. இந்த வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் அதன் தலையை மட்டும் கிள்ளிவிட்டிருக்கிறார்கள். தலை போகப் போக வேர் தடித்தது.

"அரச மரம் தானாக வந்து நிற்கிறது தம்பி. அதைப் போய் வெட்டலாமா?" என்று கேட்டார் அம்மா. அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். "அம்மா, வேர் சுவருக்குள் இறங்கிவிட்டது. இன்னும் விட்டால் இரண்டு வீட்டுச் சுவரும் போகும்" என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை அவரே செடி இருந்த பக்கமாகச் சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, எடுக்கச் சொன்னார். பின்பக்கச் சாக்கடை ஓரம் முளைத்திருந்த இன்னொரு கன்றைத் தொட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்தார்.

தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தல்

ஊகம் சரியா என்று பார்க்க, மழையில்லாத ஒரு காலையில் தோட்டக் குழாயால் தண்ணீர் விட்டோம். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் இதற்கு ஆகாது. ஓட்டுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடித்தால் எந்தக் கூரையும் ஒழுகும். அதைக் காட்டிக் கூரை கெட்டது என்று சொல்வது மோசடி. கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் இறவாரத்துக்கு அருகில் இருக்கும் ஓடுகள், பிறகு நடுச் சரிவு, கடைசியில் சுவரோரம். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம், மழை விழும் அளவில். பரணில் ஓர் ஆள் டார்ச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஓட்டுப் பரப்பில் எங்குமே சொட்டு இல்லை. சுவரோர விரிசலுக்கு மேலே, சுவரின் பக்கத்தில் தண்ணீர் விட்டதும் சில நிமிடங்களில் மேலிருந்து குரல் வந்தது: உத்திர நுனி மின்னுகிறது. அத்தோடு ஓடுகள் குற்றமற்றவை என்பது முடிவானது.

செய்த வேலைகள்

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்த வீடு அந்தப் பாரம்பரிய எல்லைக்குள் வருகிறது. இங்கே கூரைப் பொருளை நினைத்தபடி மாற்ற முடியாது; 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டத்தைப் பின்பற்றி, பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதியோடுதான் வேலை செய்ய வேண்டும். பலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. களிமண் ஓட்டைத் தகரமாக்கும் அவசரத்தை அந்த விதி தடுத்து நிறுத்துகிறது என்பதால் நான் அதை வரவேற்கிறேன்.

அனுமதி கிடைத்ததும் முதலில் சுவர். செடியை வேரோடு தோண்டி எடுத்தார்கள். எட்டாத வேர் முனையில் செடிக்கொல்லி தடவி, அது பட்டுப்போகும்வரை காத்திருந்தார்கள். சிமெண்ட் பூச்சு முழுவதும் உளியால் மெல்லப் பெயர்க்கப்பட்டது. சுவரில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, ஈயத் தகட்டின் மேல்விளிம்பை அதில் செருகி, கீழ்விளிம்பை ஓட்டின்மேல் மடக்கிவிட்டார்கள். கூரை அசைந்தாலும் தகடு தாங்கும். காடியையும் சுவர்த் தலையையும் சுண்ணாம்புச் சாந்தில் பூசினார்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகும். நாள்தோறும் ஈரச்சாக்கு போட்டு வெயிலிலிருந்து காக்க வேண்டும். கூலியாட்களுக்கு அதில் பொறுமை இல்லை. வீட்டுக்கார அம்மாதான் காலையும் மாலையும் சாக்கை நனைக்கச் சொல்லி விரட்டினார்.

இற்றுப்போன உத்திர நுனியை நல்ல மரம் வரைக்கும் வெட்டி, அதே வகைப் பழைய மரத்தில் புது நுனி ஒட்டினார் தச்சர். ஒட்டு சாய்வாக, நீளமாக, மரைகளால் இறுக்கப்பட்டிருந்தது. சுவருக்குள் அதை வைத்துச் சாந்தால் அடைத்துவிடாமல், சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விடச் சொன்னேன். மரத்தின் நுனிக்குக் காற்று கிடைக்க வேண்டும். ஓடுகளில் உடைந்தவை மட்டும் மாற்றப்பட்டன; மற்றவை பழைய ஓடுகளே, தூசி தட்டித் திரும்ப அடுக்கியவை.

நடு அறைக்கான மருந்தில் பாதி இலவசம். காற்றுவாயைக் கீழே திருப்பி, வெப்பநிலையை 25இல் வைத்து, மேலே ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டார் மகன். அரசு அலுவலகங்களுக்கே 24க்குக் குறையாமல் வைக்கத்தான் அறிவுரை. பூஞ்சணம் ஏறிய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். அதன்மேல் வெப்பக்காப்புக்குப் பாறைப் பஞ்சு, பஞ்சின் மேற்புறத்தில் அலுமினியத் தாள், ஓரங்கள் எல்லாம் ஒட்டுநாடாவால் அடைப்பு. தாள் மேற்பக்கம் இருக்க வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக நின்றேன். குளிர்நாட்டுக் கையேடுகள் இப்படி ஆவியைத் தடுக்கும் தாளை அறைப்பக்கம் வைக்கச் சொல்கின்றன. அங்கே ஈரக்காற்று வீட்டுக்குள் இருக்கிறது, குளிர் வெளியே. இங்கே ஈரக்காற்று பரணில் இருக்கிறது, குளிர் அறைக்குள். அந்தக் கையேட்டைப் பார்த்து இங்கே வேலை செய்தால் பஞ்சே நனைந்து ஊறும்.

பின்கட்டுப் பலகைத் துண்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது உறுதியானதால், அவற்றை முறைப்படி அகற்றத் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்தோம். துருவேறிய தகரத்துக்குப் பதிலாக, அடியில் நுரைக்காப்பு ஒட்டிய தகடு வந்தது. அடுப்புக்கு மேலே காற்றை வெளியேற்றும் விசிறி பொருத்தினார்கள். முற்றத்தின் பாலிகார்பனேட் தகட்டை எடுத்துவிடவில்லை. மழையில் கீழே துணி நனையும் என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். தகட்டைக் கட்டைகள் வைத்து ஓர் அடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்துவிட்டார்கள். அன்றைக்கே மாடிப்படியில் காற்று ஓடுவதை உணர முடிந்தது. என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிக நன்மை தந்தது இதுதான்.

எல்லாம் சேர்ந்து, முதலில் சொன்ன மதிப்பீட்டில் பாதியைத் தொடவில்லை.

பிறகு

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கின் பெருமழைக் காலம். மருமகள் நாட்காட்டிக் குறிகளைத் தொடர்ந்தார். இரண்டு கோடுகள் பல நாட்களில் விழுந்தன; 'மு' ஒரு நாளும் விழவில்லை. ஒட்டுப்போட்ட உத்திரத்தை அந்த மழைக்குப் பிறகு அளந்தபோது நுனி 18 காட்டியது. 'பி' தொடக்கத்தில் அபூர்வமாக வந்தது. இரவில் துணியை உள்ளே காயப்போடுவதை நிறுத்தியதும் நின்றது. நடு அறைப் பலகை சுத்தமாக இருக்கிறது.

முன்னறைச் சுவரில் மட்டும் வெள்ளை உப்பு இன்னும் பூக்கிறது. வீட்டார் பயந்துபோய் அழைத்தார்கள். அது புதிய கசிவு அல்ல. பல ஆண்டுகள் குடித்த நீரைச் சுவர் இப்போதுதான் வெளியே விடுகிறது, நீர் போகும்போது உப்பு மேலே வருகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் காய ஓர் ஆண்டு பிடித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி எடுத்துவிட்டு, வேறொன்றும் பூசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் வகை வண்ணம் அடித்தால் உப்பு அதற்குப் பின்னால் தேங்கிப் பூச்சோடு சேர்த்துத் தள்ளும். உப்பு நின்ற பிறகு சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம்.

முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பொதுச்சுவரின் மறுபக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு. வாரிசுகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சாந்தும் விரிசல் விட்டிருக்கிறது. அங்கேயும் இரண்டு கன்றுகள் முளைத்திருக்கின்றன. சுவரின் தலையை மூடிப் பூசியிருப்பதால் இப்போதைக்கு இந்தப் பக்கம் நீர் வரவில்லை. ஆனால் அந்தப் பக்க உத்திர நுனிகளும் இதே சுவரில்தான் புதைந்திருக்கின்றன. செலவைப் பகிர்ந்துகொள்வது குறித்து மூத்த வாரிசுக்கு வீட்டார் கடிதம் எழுதியிருக்கிறார்கள். தூசியில் விழுந்த குழிகள், உத்திர நுனி, செடியின் வேர் ஆகியவற்றின் படங்களையும் நாட்காட்டிப் பக்கங்களின் நகலையும் அதோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை மாதம் ஒரு முறை எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து அந்தக் கன்றுகளைப் பார்த்துவருவதாக மருமகள் சொல்லியிருக்கிறார்.